ஹெபாரின் பகுப்பாய்வில் எதிர்ப்பொருள்கள்

ஹெபாரின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. 1916-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் செய்த ஆய்வில் இதன் வரலாறு தொடங்குகிறது. இன்று பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. ஒரு குப்பி மருந்தில் நீளமும் சல்பேட் அமைப்பும் வேறுபட்ட எண்ணற்ற சர்க்கரைச் சங்கிலிகள் கலந்திருக்கும். ஆன்டித்ராம்பின் என்ற இரத்தப் புரதத்தைப் பற்றும் ஐந்து சர்க்கரை அலகுத் தொடர் அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் உண்டு. உறைதல் சோதனை மருந்தின் வீரியத்தை அளக்கும். சங்கிலியின் அமைப்பைச் சொல்லாது. அங்கேதான் எதிர்ப்பொருள்கள் கைகொடுக்கின்றன.

இவற்றைப் பெறுவது எளிதன்று. ஹெபாரினை ஒத்த சங்கிலிகள் விலங்குகளின் உடலிலேயே இருப்பதால், ஊசியேற்றினாலும் நோயெதிர்ப்பு மண்டலம் அதை அயற்பொருளாகக் கருதுவது அரிது. எனவே எதிர்ப்பொருள் துண்டுகளை ஃபேஜ் வைரஸ்களின் மேற்பரப்பில் தோன்றச் செய்து, ஹெபாரினோடோ அதை ஒத்த சங்கிலிகளோடோ ஒட்டுபவற்றைப் பொறுக்கியெடுக்கிறார்கள். அப்படிக் கிடைத்த எச்எஸ்4சி3, ஆன்டித்ராம்பின் பிணைப்புக்கு இன்றியமையாத 3-ஓ-சல்பேட் குழுவை இனங்காண்பதால் தனி மதிப்புடையது.

இத்தகைய எதிர்ப்பொருளைக் கொண்டு செய்யும் ஆய்வில், சோதனைத் தட்டின் குழிகளில் ஹெபாரின் பூசப்பட்டிருக்கும். மாதிரியோடு கலந்த எதிர்ப்பொருளை அவற்றில் ஊற்றுவார்கள். தேடும் அமைப்பு மாதிரியில் மிகுந்திருந்தால் எதிர்ப்பொருள் அதிலேயே பிணைந்துவிடும். குழியில் ஒட்டிய எதிர்ப்பொருளைக் காட்டும் நிறம் மங்கும்.

இம்முறை மட்டும் போதாது. 2007-08-இல் மருந்தில் கலந்திருந்த மிகைசல்பேட் கான்ட்ராய்ட்டின் சல்பேட் என்ற மாசுப்பொருள், அணுக்காந்த ஒத்ததிர்வு உள்ளிட்ட வேதி ஆய்வுகளால்தான் அடையாளம் காணப்பட்டது.