நுளம்பும் நீரும்: நூறாண்டுப் பாடம்

நம் பாடசாலை நூற்றாண்டு காணும் இவ்வேளையில், அந்த நூறாண்டும் நம்மவரைத் தொடர்ந்து வந்த ஒரு பகையையும் எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும். அப்பகை நுளம்பு.

1934-35 மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறித்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவையொட்டி டி.டி.ரி. தெளிப்பு வந்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். வென்றுவிட்டோம் என்று கண்காணிப்புத் தளர்ந்தது. 1968, 1969இல் இலட்சக்கணக்கானோர் மீண்டும் காய்ச்சலில் விழுந்தனர். நுளம்பு டி.டி.ரி.க்கு ஈடுகொடுக்கப் பழகிக்கொண்டது. 1977இல் அதனிடத்துக்கு மலத்தியன் வந்தது.

மருந்தை மாற்றுவதோடு நில்லாமல் நுளம்பு பிறக்கும் நீரையே ஆராயப் புறப்பட்டவர்களும் உண்டு. 1990களில் பேராதனைப் பல்கலைக்கழக விலங்கியலாளர் பீலிக்ஸ் அமரசிங்கவும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவன ஆய்வாளரும் சேர்ந்து, ஹுருலுவெவப் பகுதியில் யான் ஓயாவை ஆராய்ந்தனர். அந்த ஆறு புல்மோட்டைப் பக்கமாக, நம் மாவட்டத்திலேயே கடலில் விழுகிறது. வரட்சியில் ஓட்டம் குறையும்போது ஆற்றுப் படுகையின் குழிகளில் தேங்கும் தெளிந்த நீரில் மலேரியா நுளம்பு பெருகுவதை அவர்கள் கண்டனர். மேலேயிருந்து உரிய காலத்தில் நீர் திறந்து ஆற்றின் மட்டத்தைக் காத்தால் குடம்பிகளைக் குறைக்கலாம் என்றனர். மண்ணையும் மீனையும் கெடுக்காத வழி அது. ஆனால் துரிசு பல்கலைக்கழகத்தின் கையில் இல்லை. நீர்ப்பாசன அதிகாரியும் கமக்காரரும் உடன்படாவிட்டால் அத்தகைய ஆய்வு ஏட்டோடு நின்றுவிடும்.

மலேரியாவை ஒழித்தது எந்த ஒரு முயற்சியும் தனித்து அன்று. நுளம்பு வலையும், இரத்தப் பரிசோதனையும், போர்க்காலத்திலும் ஓயாத களப்பணியாளரும் சேர்ந்தே அதைச் சாதித்தனர். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

ஆறு மாதம் கழிந்து, 2017 மார்ச்சில், கிண்ணியாவில் டெங்கு மூண்டது. அவ்வாண்டு நாடெங்கும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். டெங்கு நுளம்பு நன்னீரில் மட்டுமே முட்டையிடும் என்பது நாம் படித்த பாடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளரும் கிழக்குப் பல்கலைக்கழக ஆய்வாளரும் இணைந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு அதைத் திருத்தியது. கரையோரத்தில் வீசப்பட்ட போத்தல்களிலும், கைவிட்ட வள்ளங்களிலும், பாவிக்காத கிணறுகளிலும் தேங்கும் உவர்நீரிலும் அது வளர்கிறது. துறைமுகத்தைச் சுற்றி வாழும் நமக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை. கிணற்றிலும் தொட்டியிலும் பெருகும் புதிய மலேரியா நுளம்பொன்றும் 2017இல் மன்னாரிலிருந்தும் பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்தும் அறிவிக்கப்பட்டுள்ளது. காவல் இன்னும் முடியவில்லை.

இந்த ஆய்வுகள் ஆங்கிலச் சஞ்சிகைகளில் வெளியானவை. அவற்றைக் கரையோர வீடுகளுக்குத் தமிழில் கொண்டு சேர்ப்பது நம் போன்றோரின் கடமை. நம் சங்கத்தில் வைத்தியர்களும் ஆசிரியைகளும் அரச அலுவலர்களும் இருக்கிறோம். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. உயிரியல் படிக்கும் நம் தங்கைமார் மாதம் ஒருமுறை தத்தம் அயலிலுள்ள கிணறு, தொட்டி, வள்ளங்களைப் பார்த்துக் குடம்பிகளைக் குறித்துவரட்டும். அக்குறிப்பை வளாகத்தாரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பயன்படுத்தும் வண்ணம் இணைத்து வைக்கும் பொறுப்பைச் சங்கம் ஏற்கலாம். நூற்றாண்டு விழா முடிந்தபின் வரும் முதல் மாரிக்கு முன்பே இதைத் தொடங்குவோம்.