37 சுற்றுக்கு ஒரு சுற்று

ஏலத்தில் எடுத்த ஜீப்பில்தான் எங்கள் வீட்டுக்கு ஏலம் வந்து இறங்கியது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா இதைச் சொல்லிச் சிரிப்பார். கழிவு செய்த அரசாங்க வண்டிகளை 1974இல் மதுரையில் ஏலம் விட்டபோது எடுத்தது அது. 1963ஆம் வருட மகிந்திரா, சிஜே-3பி, பெட்ரோல் வண்டி, ஸ்டியரிங் இடது பக்கம். போடிநாயக்கனூரிலிருந்து மெட்டு ஏறி, பூப்பாறைக்கு அப்பால் இருந்த எங்கள் நாலு ஏக்கர் தோட்டத்துக்கு உரம், அரிசி, ஆட்கள் எல்லாம் அதில்தான் போகும். உலர்த்தும் கூடமான ஸ்டோரில் காயவைத்த ஏலக்காய் சாக்குமூட்டைகளாக அதில்தான் இறங்கும்.

இறக்கத்தில் எனக்கு ஒரு வேலை உண்டு. இரண்டாம் கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகளில் கியர் துள்ளினால் வண்டியைப் பிரேக் மட்டும்தான் தாங்க வேண்டும். அந்தக் காலத்துப் பிரேக்கை நம்பி யாரும் மலை இறங்கமாட்டார்கள். அதனால் வலது பக்க சீட்டில் உட்கார்ந்து இடது கையால் கியர் தண்டை முன்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு. எனக்கு அப்போது 12 வயது. "விட்றாதடா" என்பார் அப்பா, ஒவ்வொரு வளைவிலும். மலையடிவாரத்து முந்தல் வந்த பிறகுதான் கையை எடுக்கலாம். உள்ளங்கையில் தண்டின் குமிழ் வட்டமாகப் பதிந்திருக்கும்.

நாற்பத்தெட்டு வருடம் கழித்து, ஓவிய ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும், அந்த ஜீப்பைக் கொட்டகையிலிருந்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். முதலில் பின்கதவைச் சுரண்டினேன். வெள்ளை, அதற்கடியில் மஞ்சள், அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் அரசாங்கச் சாம்பல். சாம்பல் நிறத்தின் மேல் சிவப்பில் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று எழுதியிருந்தது. பின்னால் வருகிறவனுக்கு எச்சரிக்கை. இந்த டிரைவரால் வலது பக்கம் கைகாட்ட முடியாது என்று பொருள்.

ஜீப்புக்கு முன்னால் இந்த மலையில் சுமை எப்படி ஏறி இறங்கியது? பெரும்பாலும் தலையிலும் பொதிமாட்டின் முதுகிலும். மூணாறுத் தேயிலைக்கு மட்டும் வேறு வழி இருந்தது. 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் வண்டி, 1908 முதல் சிறிய ரயில், டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கொட்டக்குடிக்கு இறக்கம், அங்கிருந்து போடி. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது 1928இல். இரண்டாம் உலகப் போர் வந்ததும் இரும்பு தேவை என்று 1942இல் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப்போனார்கள். 1950களில்தான் திரும்பப் போட்டார்கள். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் ரயில் இல்லாத போடியிலிருந்து, போர் முடிந்து ராணுவம் விற்றுத் தீர்த்த ஜீப்புகள் மலை ஏறத் தொடங்கின என்று அப்பாவின் தலைமுறையினர் சொல்வார்கள். 'டிஸ்போசல் வண்டி' என்பது அவர்கள் வாயில் ஒரு தனி மாடலின் பெயர்போலவே வரும்.

வரைகிறவன் என்ற முறையில் எனக்கு ஜீப்பின் பிறப்புக் கதைமேல் தனிப் பிரியம். 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் ஒரு சிறிய நாலு சக்கர இழுவை வண்டி வேண்டும், 49 நாளில் மாதிரி வேண்டும் என்று நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகளைக் கேட்டது. பென்சில்வேனியாவில் மூடும் நிலையில் இருந்த பாண்டம் என்ற கம்பெனி கார்ல் ப்ரோப்ஸ்ட் என்பவரை அழைத்தது. அவர் இரண்டே நாளில் படத்தை வரைந்து முடித்தார். செப்டம்பர் 23 அன்று, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கையில், வண்டி ராணுவ முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. பெரிய ஆர்டர் என்னவோ வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது; போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் கட்டித் தள்ளின. படம் போட்டவனுக்குப் பெயர் கிடைக்காதது எங்கள் தொழிலில் புதிதல்ல.

இந்தியாவில் 1945 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கியது மகிந்திரா அண்ட் முகமது. பங்காளி குலாம் முகமது பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் நிதி அமைச்சராகி, பின்பு கவர்னர் ஜெனரலும் ஆனார். கம்பெனி 1948இல் மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆனது. வில்லிஸ் அனுப்பிய உதிரிகளைப் பூட்டி விற்பதுதான் அவர்களின் முதல் வாகனத் தொழில். அதே 1948இல்தான் சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் புகார் என்று சொல்லப்படும் ஜீப் விவகாரமும் வந்தது. ராணுவத்துக்காக லண்டன் வழியாக 2,000 பழைய ஜீப்புக்கு ஏற்பாடு செய்ய, வந்து சேர்ந்தவை 155. நம் ஜனநாயகத்தில் ஜீப் எவ்வளவு சீக்கிரம் ஏறிக்கொண்டது பாருங்கள்.

சிஜே-3பியின் பானட் மற்ற ஜீப்புகளைவிட உயரமாக, மூக்கு விடைத்ததுபோல் இருக்கும். உள்ளே இருக்கும் எஞ்சின்தான் காரணம். போர்க்கால எஞ்சினில் வால்வுகள் எல்லாம் பிளாக்கிலேயே பக்கவாட்டில் இருந்தன. அடுத்து வந்த 'ஹரிக்கேன்' எஞ்சினில் காற்று உள்ளே வரும் வால்வை ஹெட்டுக்கு மேலே தூக்கினார்கள், புகை போகும் வால்வைப் பக்கவாட்டிலேயே விட்டார்கள். எஞ்சின் உயர்ந்தது, பானட்டும் உயர்ந்தது. அதே 2.2 லிட்டர்தான். சிலிண்டரின் அகலம் 79 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 111. இப்படி ஒல்லியாக நெடுநெடுவென்று இருக்கும் எஞ்சின் வேகமாகச் சுற்றாது. மெதுவாகச் சுற்றும்போதே இழுக்கும். மலைக்கு வேண்டியது அதுதான்.

பின் ஹவுசிங்கைத் திறந்தபோது உட்கார்ந்து பல் எண்ணினேன். கிரௌனில் 43, பினியனில் 8. இதோடு முதல் கியரையும் லோ கியரையும் பெருக்கிப் பார்த்தால் எஞ்சின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றும்போது வண்டி மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் போகும், அதாவது ஆள் நடக்கும் வேகம். ஆடி மாதத்துச் சேற்றில், டயருக்குச் சங்கிலி சுற்றி, பத்து மூட்டையோடு வண்டி தோட்டத்துக்கு ஏறியதன் ரகசியம் இவ்வளவுதான். முன்சக்கரத்தைச் சேர்க்காமல் லோ கியர் விழாது. அந்தப் பாரத்தைப் பின் ஆக்ஸில் தனியாகச் சுமந்தால் முறிந்துவிடும் என்பதால் கியர் பெட்டிக்குள்ளேயே தடை வைத்திருக்கிறார்கள்.

மலை ஜீப்பை மாற்றியது. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் பாடியை வெட்டி நீளம் சேர்ப்பார்கள். எங்கள் வண்டியில் ஒன்பது அங்குலம் சேர்ந்தது, எதிரெதிரே இரண்டு பலகை சீட்டுக்காக. பெட்ரோல் விலை ஏற ஏற ஒவ்வொரு ஜீப்பாக டீசலுக்கு மாறியது. 1989இல் அப்பா பழைய 'பிஜோ' டீசல் எஞ்சின் ஒன்றை வாங்கிப் பொருத்தினார். இறக்கிய ஹரிக்கேனை எடைக்குப் போட மனமில்லாமல் ஸ்டோரின் மூலையில் சாக்கு போர்த்தி வைத்தார். முப்பது வருடத்துக்கும் மேல் அது ஏலக்காய் வாசனையில் கிடந்தது.

திரும்பப் பொருத்துவதற்காக அதை வெளியே எடுத்தபோது நாலு பிஸ்டனும் இறுகிப்போயிருந்தன. பிளக் ஓட்டை வழியே டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி மூன்று வாரம் ஊறவிட்டேன். பிறகு ஹெட்டைக் கழற்றி, மரக்கட்டை வைத்துத் தட்டியதும் ஒவ்வொன்றாக நகர்ந்தன. லேத் பட்டறை அண்ணன் சிலிண்டரைத் தடவிப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, இன்னும் ஒரு தடவை போர் பண்ணலாம். அதுக்கு மேல இந்தப் பிளாக் தாங்காது" என்றார். அந்த ஒரு தடவையை நான் செலவழித்துவிட்டேன். வால்வு இடைவெளி மேலே அங்குலத்தில் ஆயிரத்தில் 18 பங்கு, பக்கவாட்டில் 16. மேலே உள்ளதைச் சரிபார்ப்பது சுலபம். பக்கவாட்டுக்கு மேனிஃபோல்டுக்கு அடியில் கையை நுழைத்து, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு பார்க்க வேண்டும். வில்லிஸ் எஞ்சினீயர்கள்மேல் எனக்குள்ள ஒரே குறை இதுதான்.

முன்சக்கரத்தின் கிங் பின்னைப் பிரித்தபோது அடியில் ஷிம்களுக்கு நடுவே பளபளப்பாக ஒரு தகடு இருந்தது. துடைத்துப் பார்த்தால் பால்பவுடர் டின்னின் தகரம். கத்தரித்து, வட்டம் பிசகாமல் அரம் போட்டிருந்தார் அப்பா. புது ஷிம் கிடைத்தது, விலையும் அதிகமில்லை. தகரத்தின் கனத்தை அளந்தேன், சரியாக இருந்தது. திரும்ப அதையே போட்டேன்.

பழைய வண்டி சேகரிக்கும் நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பாடியில் சேர்த்த ஒன்பது அங்குலத்தை வெட்டி எறியச் சொன்னார். அப்போதுதான் 'ஒரிஜினல்' ஆகும் என்றார். 2021இல் வந்த விதிப்படி ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்தோடு விண்டேஜ் நம்பர் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் மாற்றியிருக்கக் கூடாது. வாங்கினாலும் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் மட்டுமே ஓட்டலாம். அன்றாடம் எடுக்கக் கூடாது. மூட்டை ஏற்றக் கூடாத ஜீப்பை வைத்து நான் என்ன செய்வது? அந்த ஒன்பது அங்குலத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து போனவர்களின் உழைப்பில்தான் இந்த மலையின் ஏலக்காய் விளைந்தது. எஞ்சினை மட்டும் பழையதாக்கினேன். பாடியை அப்பா விட்டபடியே விட்டேன். இதில் முரண்பாடு இருக்கிறது என்று நண்பர் சொன்னார். இருக்கட்டும். எஞ்சின் மாற்றத்தை ஆர்சி புத்தகத்தில் ஏற்ற எட்டு மாதம் அலைந்த கதை இங்கே வேண்டாம்.

இன்றும் விடியுமுன் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்புகள் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கேரள எல்லையைத் தாண்டுகின்றன. உட்கார வேண்டியவர்களைப்போல இரண்டு மடங்கு பேர் அதில் இருப்பார்கள். வளைவில் ஜீப் கவிழ்ந்த செய்தி வராத வருடம் இல்லை. ஜீப்பின் பெருமை பேசும் நாம் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்களும் ஜீப்பில்தான் போகிறார்கள். கல்லும் குழியுமான அந்தப் பாதையில் குலுங்குவதற்கே காசு கொடுக்கிறார்கள். காலையில் ஒரே மலையில் இரண்டு கூட்டமும் ஏறுகின்றன.

என் வண்டி போன மாசியில் மெட்டு ஏறியது. ரேடியேட்டர் கொதிக்கவில்லை. இறங்கும்போது ஐந்தாவது வளைவில் இரண்டாம் கியர் துள்ளியது. இந்த முறை வலது சீட்டில் இருந்தவன் என் பேரன். இடது கையால் தண்டை முன்னுக்குத் தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். முந்தல் வரை பிடித்துக்கொண்டு வந்தவன், இறங்கியதும் உள்ளங்கையைத் தடவியபடி, "தாத்தா, இதை ரிப்பேர் பண்ண மாட்டீங்களா?" என்றான்.

பண்ண வேண்டும். டி-90 கியர் பாக்ஸின் இரண்டாம் கியரும், அதன் சின்க்ரோ ஸ்லீவும், பித்தளை வளையமும் தேவை. தேய்மானம் குறைந்த பழையது போதும். போடி, கம்பம், குமுளிப் பக்கத்தில் யார் வீட்டுப் பரணிலாவது, ஸ்டோர் மூலையிலாவது இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.