வலது காலின் ஞாபகம்

பழைய மோட்டார்சைக்கிள் பிரியர்கள் பேசுவதைக் கவனித்துப் பாருங்கள். எல்லோரும் சொந்தக்காரர்களாகவே பேசுகிறார்கள். 'எங்கப்பா எடுத்த வண்டி', 'அந்தக் காலத்துல ஊர்லயே நம்ம வண்டி ஒண்ணுதான்.' இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் எனக்கு வேலை இருக்கிறது. என் பெரியப்பாவும் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். அவருடையது 1974ஆம் வருஷத்து 350 சிசி என்ஃபீல்டு புல்லட். வண்டி தெருமுனையில் திரும்புமுன்பே சத்தம் வந்துவிடும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த கூலியாட்கள் எழுந்துகொள்வார்கள். பெரியப்பாவின் கதையாடலில் அதற்கு 'மரியாதை' என்று பெயர். எழுந்துகொண்டவர்களின் ஞாபகத்தில் அதற்கு என்ன பெயர் என்று எவரும் கேட்டு எழுதியதில்லை. பெரியம்மா அந்த வண்டியில் ஏறியது மொத்தம் மூன்று தடவை, மூன்றும் ஆஸ்பத்திரிக்கு. அவர் ஞாபகம் அவ்வளவுதான்.

புல்லட்டைப் 'பழைய வண்டி' என்று எப்போதிலிருந்து சொல்ல ஆரம்பித்தோம்? இந்தக் கேள்வி பார்ப்பதற்கு எளிமையானது, ஆனால் சிக்கலானது. வண்டியின் வடிவம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் பிறந்தது. 1950களில் இந்திய அரசு ராணுவத்துக்கும் போலீசுக்குமாக 800 வண்டிகள் கேட்டது. 1955இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின, திருவொற்றியூரில் ஆலை. ஆரம்பத்தில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டிக் கொடுத்தார்கள். 1957இல் பாகங்கள் செய்யும் கருவிகளே விலைக்கு வந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே ஆயின. 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றுபோனது.

ஆக, அங்கே அந்த வண்டி இறந்ததால் பழம்பொருளாயிற்று. இங்கே அது சாகவில்லை. 1977இல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. வாங்கிய வெள்ளைக்காரருக்கு அது தன் இளமையின் மறுபிரதி. நம்மூர் போலீஸ்காரருக்கோ மிராசுதாருக்கோ அது புது வண்டி, அவ்வளவே. ஒரே இயந்திரம், இரண்டு காலங்கள். 'இந்தியாவில் காலம் உறைந்துவிட்டது' என்று இதை விவரிக்கும் ஒரு சொல்லாடல் உண்டு; நம் ஆர்வலர்களும் அதைப் பெருமையாகத் திருப்பிச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. லைசென்ஸ் காலத்தில் வேறு வண்டி அதிகம் இல்லை, இருந்ததை ஓட்டினோம். உறைந்திருந்ததாகச் சொல்லப்படும் அந்தக் காலத்தில் திருவொற்றியூரில் ஒருவர் நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார், இன்னொருவர் டேங்கின் மேல் பொன்னிறக் கோட்டைக் கையாலேயே இழுத்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு அது ஷிஃப்ட்.

1985இல் ஹீரோ ஹோண்டா வந்து, பெட்ரோல் கணக்குப் பார்க்கிற நடுத்தர வர்க்கத்தைக் கூட்டிக்கொண்டு போனது. 1994இல் என்ஃபீல்டு ஐஷர் கைக்குப் போயிற்று. ஆனாலும் என் பார்வையில் முறிவு ஏற்பட்டது அதற்குப் பிறகுதான். 2000களில் கியர் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறியது. 2010ஐ ஒட்டிப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினும் நின்றது. அப்போதுதான் இங்கேயும் ஞாபகம் பேச ஆரம்பித்தது. வலது கால் கியர், இடது கால் பிரேக் என்று பழகிய உடம்பு புது வண்டியில் ஏறியதும் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தது. பழைய வண்டியைக் கிளப்புவதே ஒரு சடங்கு: கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா பார்த்து, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் இறக்கி, விட்டுவிட்டு ஒரே உதை. தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். ஆர்வலர்கள் இந்த அடியை வீரத்தழும்பாகச் சொல்வார்கள்.

பெரியப்பாவின் வண்டியை இருபது வருஷம் பார்த்த மெக்கானிக்கைப் போன வருஷம் தேடிப் போனேன். சொந்தமாக ஒரு புல்லட் அவரிடம் இருந்ததே இல்லை. சைக்கிளில் வந்து போனவர். வண்டியைப் பற்றி ஞாபகம் இருக்கிறதா என்றேன். லுங்கியைத் தூக்கி முழங்காலுக்குக் கீழே காட்டினார்.

"உங்க பெரியப்பா வண்டிதான் தம்பி இது. டைமிங்கக் கொஞ்சம் பின்னால தள்ளி வெச்சா அடிக்காதுன்னு எத்தனையோ வாட்டி சொன்னேன். இழுவை கொறஞ்சிரும்னு ஒத்துக்கவே மாட்டார். தெனம் காலைல கிளப்பிக் குடுக்க என்னத்தானே கூப்பிடுவாரு."

பெரியப்பா தானே உதைத்துக் கிளப்பியதாகத்தான் எங்கள் வீட்டில் கதை.