ஆற்றுப்படுத்தும் அருள்மொழி: தமிழகத்தில் திருமறையும் துயருற்றோர் பேணலும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலரில், கட்டிடங்களின் வரலாறும் தேர்ச்சி பெற்றோரின் எண்ணிக்கையும் இடம்பெறுதல் முறையே. எனினும் ஒரு சமூகம் எழுந்து நிற்பதற்குப் பள்ளியும் பணியும் நிலமும் எவ்வளவு இன்றியமையாதனவோ, நொந்த நெஞ்சுக்கு உற்ற நேரத்தில் கிடைக்கும் ஒரு சொல்லும் அவ்வளவு இன்றியமையாதது. அத்தகைய சொல்லைக் கிறித்தவத் திருமறையிலிருந்து எடுத்து நம் மக்களுக்கு வழங்கியோர் யாவர், அது எப்பொழுது மருந்தாயிற்று, எப்பொழுது வாய்ச்சொல்லாகவே நின்றுவிட்டது என்பதைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், பிள்ளைகளோடு பழகும் நம் அனைவர்க்கும் இவ்வாராய்ச்சி பயன்படும் என நம்புகின்றோம்.

இன்று ‘கவுன்சலிங்’ என வழங்கும் பணிக்கு ‘ஆற்றுப்படுத்தல்’ என்னும் அழகிய தமிழ்ச்சொல் வழக்கில் வந்துள்ளது. ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை நூல்கள் என்பதை மாணவரும் அறிவர். வள்ளலைக் கண்டு வறுமை நீங்கித் திரும்பும் பாணனோ பொருநனோ கூத்தனோ, எதிரே வாடி வரும் தன்னையொத்த ஒருவனுக்கு, தான் நடந்து வந்த வழியைக் காட்டுவதே அந்நூல்களின் அமைப்பு. வழி காட்டுபவன் மாளிகையில் அமர்ந்திருப்பவன் அல்லன், பசியை அறிந்தவன், அதே பாதையில் கால் தேய நடந்தவன். இவ்வுண்மையை உரைகல்லாகக் கொண்டு வரலாற்றை நோக்குவோம்.

திருச்சபையில் துயருற்றோரைப் பேணும் பணி பழைமையானது. கி.பி. 590இல் போப்பாண்டவரான கிரகோரியார், ஆயர்களுக்கென ஒரு நெறிநூல் வரைந்தார். எல்லார்க்கும் ஒரே அறிவுரை பொருந்தாது, ஆளுக்கேற்ப மொழிதல் வேண்டும் என்பது அந்நூலின் சாரம். ஏழைக்கு ஆறுதலும், செருக்குற்ற செல்வனுக்கு எச்சரிக்கையும் உரியன என்று அவர் பிரித்துக் காட்டினார். ஏழையைப் பார்த்து ‘அடங்கி இரு’ என்றும், செல்வனைப் பார்த்து ‘கலங்காதே’ என்றும் மாற்றிச் சொன்னால் மருந்தே நஞ்சாகும் என்பது இதனால் பெறப்படும்.

தமிழகத்தில் இப்பணியின் பெரும்பகுதி உபதேசியார்களின் தோள்மேல் இருந்தது. அயல்நாட்டுக் குருமார் ஆண்டுக்கு ஓரிரு முறை வந்து செல்லும் ஊர்களில், நோயாளியின் பாயருகே அமர்ந்தவரும், சாவு வீட்டில் விடியும்வரை இருந்தவரும், கணவன் மனைவி பூசலைத் தீர்த்து வைத்தவரும் இவர்களே. கத்தோலிக்கர் இவர்களை வேதியர் என்றனர். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் இவர்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை இயற்றினார் என்றால், இப்பணியின் பெருமை விளங்கும்.

அவ்வுபதேசியார்களுள் நம் மக்கள் மறக்கலாகாத ஒருவர் இராஜநாயக்கன். 1700இல் பறையர் குலத்தில் பிறந்த இவர், தஞ்சை மன்னரின் படையில் சேர்வைக்காரராகப் பணியாற்றினார். சீகன்பால்கு மொழிபெயர்த்து 1714இல் தரங்கம்பாடியில் அச்சேறிய நற்செய்தி நூல்கள் இவர் கைக்குக் கிட்டின. ஏட்டையும் எழுத்தையும் நம் முன்னோர்க்கு எட்டாக்கனியாக்கி வைத்திருந்த காலம் அது. அக்காலத்தில் தாமே படித்து, தாமே ஆய்ந்து, தாமே துணிந்து, 1720களின் இறுதியில் உபதேசியாரானார். எதிர்ப்பும் தாக்குதலும் வந்தபோதும் பின்வாங்காமல், 1771இல் மறையும்வரை நாற்பதாண்டுகளுக்கு மேல் தஞ்சைச் சீமையின் சிற்றூர்களில் பணி செய்தார்.

ஆயினும் அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்படவில்லை. 1733இல் ஆரோன் என்பாரும், 1741இல் தியோகு என்பாரும் குருக்களாக அமர்த்தப்பட்டனர். இராஜநாயக்கனின் பக்தியிலும் ஆற்றலிலும் எவரும் குறை காணவில்லை. அவர் கையிலிருந்து நற்கருணை பெற உயர்சாதிக் கிறித்தவர் இசையமாட்டார் என்பதே தடையாயிற்று. கண்ணீரைத் துடைக்க அவர் கை வேண்டும். அப்பம் வழங்க அக்கை ஆகாது! ஆறுதலும் சமத்துவமும் பிரிந்து நின்ற அவலத்திற்கு இதனினும் தெளிந்த சான்று வேறு வேண்டுவதில்லை.

இனி, நம் பகுதிக்கு வருவோம். 1985இல் திண்டுக்கல் மாவட்டம் தோன்றும்வரை நிலக்கோட்டை மதுரை மாவட்டத்தைச் சார்ந்திருந்தது என்பதைப் பெரியோர் அறிவர். 1834இல் மதுரையில் காலூன்றிய அமெரிக்கன் மதுரை மிஷன், மறு ஆண்டே திண்டுக்கல்லில் பணியைத் தொடங்கிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எட்வர்டு செஸ்டர் என்னும் மிஷன் மருத்துவர் திண்டுக்கல்லில் மருத்துவமும் சமயப்பணியும் ஒருசேர ஆற்றினார். மருந்தும் மறைமொழியும் இவ்வாறு ஒரே வாயிலில் கிடைத்தன.

இம்மிஷனின் வரலாற்றில் 1847ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. சாதி வேற்றுமையை விடாதோர் சபையில் நிலைத்திருக்கலாகாது என அவ்வாண்டில் உறுதி செய்யப்பட்டு, ஒன்றாக அமர்ந்து உண்ணுதலே அதற்குச் சோதனையாக வைக்கப்பட்டது. உண்ண மறுத்த பலர், உபதேசியார்கள் உட்பட, விலக்கி வைக்கப்பட்டனர். சட்டத்தால் மனம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. பின்னரும் கோயில்களில் இருக்கை வேறுபாடும், திருச்சி மேலப்புதூரில் நேர்ந்தது போலக் கல்லறைத் தோட்டத்தில் இடைச்சுவரும் காணப்பட்டன. ஆயினும், உடன் உண்ணாதவன் உள்ளத்தைத் தேற்ற இயலாது என்னும் உண்மை அன்றே உணரப்பட்டது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

வெளியுலகிலும் இதே உண்மை வேறொரு வழியில் வெளிப்பட்டது. அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்னும் போதகர் 1920இல் மனநோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நலம் பெற்றபின், 1925இல் உஸ்டர் நகர மனநோய் மருத்துவமனையில் இறையியல் மாணவர்க்கு நேரடிப் பயிற்சி தரத் தொடங்கினார். நூல்களைக் கற்பது போலவே, துன்புறும் மனிதரையும் உயிருள்ள ஏடுகளாகக் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தாம் நடந்த பாதையையே பிறர்க்குக் காட்டிய பாய்சனை, நம் பாணர் மரபினர் என்றே கூறலாம்.

தமிழகத்தில் இவ்வெண்ணம் தழைத்த இடங்களுள் ஒன்று, 1969இல் மதுரை அரசரடியில் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி. மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியேறி, எளிய மக்களிடையே குடியிருந்து கற்கும் முறையை அது கைக்கொண்டது. அங்கு ஆசிரியராயிருந்த தியோப்பிலஸ் அப்பாவு (1940–2005), நாட்டுப்புற மெட்டுகளில் பாடல்கள் புனைந்து, ஒரே உலையில் சமைத்து எல்லாரும் பகிர்ந்துண்ணும் வாழ்வையே நற்செய்தியின் பொருளாக விளக்கினார். 1981இல் பெங்களூரில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து, ஒடுக்கப்பட்டோர் தம் துயரினின்றே திருமறையைப் படிக்கும் தலித் இறையியல் வளரலாயிற்று. ஆறுதல் பெறுவோராகவே கருதப்பட்டவர், பொருள் உரைப்போராயினர்.

திருமறை கற்பிக்கும் ஆற்றுப்படுத்தும் முறைதான் யாது? எலியா தீர்க்கதரிசி, அரசியின் சினத்திற்கு அஞ்சி ஓடி, சூரைச்செடியின் கீழ் அமர்ந்து சாவை விரும்பினான். தேவதூதன் அவனுக்கு அறிவுரை கூறவில்லை. தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். மீண்டும் உறங்கவிட்டு, மீண்டும் உணவளித்தான். நெடுவழி நடந்தபின்னரே, ‘இங்கே உனக்கு என்ன காரியம்?’ என்னும் கருத்துடைய வினா எழுந்தது. அவன் குறையைக் கேட்டபின் புதுப்பணியும் துணைக்கு ஒருவனும் தரப்பட்டனர். உணவு, ஓய்வு, வினா, செவிமடுத்தல், பணி, துணை: இவ்வரிசை எக்காலத்தும் மாறாதது.

பிழையான முறைக்கும் திருமறையில் சான்றுண்டு. அன்னாள் ஓசையின்றி உதடசைத்து வேண்டியபோது, ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடிவெறி கொண்டவள் என எண்ணிக் கடிந்தான். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் உடனிருந்தவரை நண்பராயிருந்தனர். நீ செய்த பாவமே உன்னைத் தொடர்ந்தது என வாதாடத் தொடங்கியபோது வதைப்போராயினர். நம் மக்களிடம் ‘முன்வினைப் பயன்’ என்று சொல்லப்பட்ட கொடுமைக்கு யோபுவின் சரித்திரம் தக்க மறுப்பாகும். பதினெட்டு ஆண்டு கூனியாய்க் கிடந்த பெண்ணையோ இயேசு, பொறுத்திரு எனச் சொல்லி அனுப்பவில்லை. நிமிரச் செய்து, ஆபிரகாமின் மகள் என்று ஊரறியப் பெருமைப்படுத்தினார். குனிந்தவரைக் குனிந்தபடியே மகிழச் செய்வது ஆறுதலன்று, நிமிர்த்துவதே ஆறுதல்.

ஆசிரியப் பணியில் பல்லாண்டு கழித்த நாம் இதனை வகுப்பறையிலும் காண்கின்றோம். விடியுமுன் தாயோடு மல்லிகைக் கொல்லையில் பூப்பறித்துவிட்டு வரும் சிறுமி முதல் பாடவேளையிலேயே கண்ணயர்ந்தால், அவளுக்கு வேண்டுவது திருக்குறள் விளக்கமன்று. ஒரு வாய் உணவு. 1956இல் காமராசர் காலத்து மதிய உணவும், 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அத்தூதனின் அடையும் தண்ணீரும் போன்றவை. ஆனால் உணவோடு நின்றுவிடாமல், ‘உனக்கு என்ன காரியம்?’ எனக் கேட்டு, விடை வரும்வரை காத்திருக்கும் ஒரு செவியும் வேண்டும். தேர்வில் தவறிய மாணவனும், சாதிப்பெயர் சொல்லி இழிக்கப்பட்ட மாணவியும் வீட்டிலும் வெளியிலும் பேச ஆளின்றித் தவிப்பதை நாம் அறிவோம். அவர்களுக்கு, அவ்வழியே வந்தவரே தக்க ஆற்றுப்படுத்துநர்.

நம் கழகத்தால் படித்து இன்று அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் பணியாற்றும் அன்பர்களே! பரிசில் பெற்றுத் திரும்பும் பாணர் நீங்களே. எதிரே வாடிய முகத்தோடு வரும் நம் பிள்ளைகளிடம் நின்று பேசுங்கள். மாதம் ஒரு மாலையேனும் கழகத்துப் படிப்பகத்தில் அவர்களுடன் ஒரே பாயில் அமருங்கள். இராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட இருக்கையை நம்மில் எவரும் எவருக்கும் மறுக்காதிருப்போமாக. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் வரலாற்றை எழுதுவோர், ‘இக்கழகம் கற்பித்தது’ என்பதோடு, ‘இக்கழகம் செவிசாய்த்தது’ என்றும் எழுதும் நிலை வாய்க்குமாக.