விலையில்லா மடிக்கணினியின் இரண்டாவது இயங்குதளம்

திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம், சில ஆண்டுகளிலேயே அதே மாவட்டத்தின் வடகிழக்கு ஓரம் வரை, அதாவது பொன்னேரியிலிருந்து பழவேற்காடு செல்லும் சாலையில் உள்ள திருப்பாலைவனத்தையும் அதைச் சுற்றிய ஏரிக்கரைக் குப்பங்களையும் எட்டியது. வலையும் படகும் அன்றி வேறு கருவி வாங்கப் பணம் ஒதுக்கியறியாத குடும்பங்கள் பலவற்றில், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை பள்ளியிலிருந்து கொண்டுவந்த அந்தப் பெட்டியே வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினி ஆகும். தொடக்க ஆண்டுகளில் தரப்பட்ட கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள், அதாவது கணினியின் உறுப்புகளை ஆண்டு பிற மென்பொருள்களுக்கு வேலை பகிர்ந்தளிக்கும் அடிப்படை மென்பொருள்கள், நிறுவப்பட்டிருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றொன்று பாஸ் லினக்ஸ். முதலாவது எங்கும் பேசப்பட்டது. இரண்டாவதின் வரலாறு இன்னும் முறையாக எழுதப்படவில்லை.

அந்த ஸ்டார்ட்டர் பதிப்பின் பிறப்பே எளிய கணினிகளுக்கான ஒரு போட்டியோடு தொடர்புடையது. தைவானின் ஆசஸ் நிறுவனம் 2007 அக்டோபரில் ஈ பிசி என்னும் சிறு கணினியை வெளியிட்டது. ஏழு அங்குலத் திரை, 512 எம்பி நினைவகம், 4 ஜிபி சேமிப்பு ஆகியவற்றை மட்டுமே கொண்டிருந்த அக்கருவி லினக்ஸில் இயங்கியது. நெட்புக் என்ற வகைப்பெயரும் அத்தகைய கருவிகளால்தான் பரவியது. மைக்ரோசாஃப்டின் அப்போதைய புதிய இயங்குதளமான விஸ்டா இத்தகைய வலுக்குறைந்த கணினிகளுக்கு மிகையான சுமையாக இருந்ததால், அந்நிறுவனம் 2008இல் தன் பழைய எக்ஸ்பி பதிப்பின் விற்பனைக் காலத்தை இவற்றுக்காகவே நீட்டித்தது. 2009இல் விண்டோஸ் 7 வந்தபோது ஸ்டார்ட்டர் என்ற குறுக்கப்பட்ட பதிப்பை இவற்றுக்கென ஒதுக்கியது. இரண்டு ஜிபிக்கு மேல் நினைவகத்தை ஏற்காத, திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்றவிடாத அந்தப் பதிப்பைத்தான் தமிழக மாணவர் பெற்றார். பொதுப் பணத்தில் வாங்கிய கருவியில் பயனர் எதைச் செய்யலாம் என்பதை விற்பனையாளரே வரையறுத்தது கவலைக்குரிய ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

மறுபுறம் பாஸ், அதாவது பாரத் இயங்குதளத் தீர்வுகள், சென்னையிலேயே உருவானது. கட்டற்ற மென்பொருளுக்கான, அதாவது எவரும் திருத்திப் பகிரக்கூடிய மென்பொருளுக்கான, தேசிய வள மையம் 2005இல் அமைக்கப்பட்டபோது, சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும் குரோம்பேட்டையில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் அதில் பங்கேற்றன. அம்முயற்சியின் பயனாக 2007 ஜனவரியில் பாஸின் முதல் பதிப்பு வெளிவந்தது. உலகத் தன்னார்வலர்கள் 1993 முதல் பேணிவரும் டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் படிக்கவும் எழுதவும் ஏற்றதாக அது அமைக்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில், மாநில அரசின் எல்காட் நிறுவனம் சி. உமாசங்கர் தலைமையில் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. ஆகவே 2011இல் மாணவர் கணினியில் லினக்ஸ் இடம்பெற்றது திடீர் முடிவாக இருக்கவில்லை. அதற்கு முன்பே சில ஆண்டு உழைப்பு இருந்தது.

இயங்குதளத்தின் எடை எங்கிருந்து வருகிறது என்பதையும் இங்கே விளக்க வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் பின்லாந்தில் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், அதாவது செயலியையும் நினைவகத்தையும் நேரடியாகக் கையாளும் கருப்பகுதி, எளிய கணினியிலும் ஓடக்கூடியது. சுமையின் பெரும்பகுதி அதன் மேல் அமர்கின்ற பணிச்சூழலிலிருந்து, அதாவது சாளரங்களையும் பட்டிகளையும் வரைந்து காட்டும் அடுக்கிலிருந்து வருகிறது. தமிழக மாணவர்களுக்கு மடிக்கணினி வந்த அதே 2011இல்தான் உலகளவில் இவ்வடுக்கு பருத்தது: க்னோம் மூன்றாம் பதிப்பும் உபுண்டுவின் யூனிட்டியும் வலிமையான வரைகலைத் திறனை எதிர்பார்த்தன. அதற்கு மாற்றாக, 1996இல் தொடங்கிய எக்ஸ்எஃப்சிஇயும் 2006இல் தைவானில் தோன்றிய எல்எக்ஸ்டிஇயும் குறைந்த நினைவகத்தில் நிறைவாக இயங்கின. எல்எக்ஸ்டிஇயைக் கொண்ட லுபுண்டு 2011 அக்டோபரில் உபுண்டு குடும்பத்தின் அலுவல்முறை உறுப்பானது. ஆஸ்திரேலியாவில் பேரி காலர் 2003இல் உருவாக்கிய பப்பி லினக்ஸோ, பென் டிரைவிலிருந்து முழுவதுமாக நினைவகத்துக்குள் ஏறிக்கொண்டு, வன்தட்டு பழுதான கணினியையும் இயங்கச் செய்தது. உப்புக்காற்று உலோக இணைப்புகளை அரிக்கின்ற கடலோர ஊர்களில் இப்பண்பு மிகப் பெரிய நன்மையாகும்.

இத்தனை வாய்ப்பு இருந்தும் இரண்டாவது இயங்குதளம் மாணவரிடையே வேரூன்றாததற்குக் காரணத்தைப் பாடநூல்களில் தேட வேண்டும். தமிழகத்தின் மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல் 2005 முதல் ஸ்டார் ஆபீஸ் என்னும் அலுவலகத் தொகுப்பைக் கற்பித்தது. சன் நிறுவனம் 2000இல் திறந்துவிட்ட ஓப்பன் ஆபீஸின் உடன்பிறப்பான அத்தொகுப்பைப் பாடமாக்கியது துணிவான, பாராட்டத்தக்க முடிவு. ஆயினும் அப்பாடம் கணினி அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்தோருக்கு மட்டுமே உரியது. மடிக்கணினியோ வரலாறும் வணிகவியலும் படித்தோர் உட்பட அனைவருக்கும் தரப்பட்டது. கணினியைத் தொடக்கும்போது தோன்றுகின்ற இரு பெயர்களில் ஒன்றைத் தேர்வதற்கான அறிவு அவர்களில் பெரும்பாலோருக்கு எவராலும் தரப்படவில்லை. உபுண்டுவைக் கையாளும் முறை 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் புதிய பாடநூலில்தான் தனிப்பகுதியாக இடம்பெற்றது. அண்டை மாநிலமான கேரளம் 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் முதலில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்து, பின்னர் பள்ளிகள் முழுவதையும் கட்டற்ற மென்பொருளுக்கு நகர்த்தியது. பத்தாம் வகுப்புத் தேர்விலும் அதையே பயன்படுத்தியது. தமிழகம் கருவியை வழங்கிப் பயிற்சியைத் தள்ளிப்போட்டது. கேரளம் பயிற்சியை முன்வைத்தது. பலன் வேறுபட்டதில் வியப்பில்லை.

பழவேற்காட்டு ஏரியில் இவ்வரலாற்றுக்கு ஓர் ஒப்புமை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர், இறால் பிடிக்கும் நீர்ப்பரப்புகளை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு என்னும் வழக்கத்தை நெடுங்காலமாகப் பின்பற்றிவந்துள்ளனர். நீர்ப்பரப்பு தனியொருவரின் உடைமை ஆகாமல், இன்று எவர் எங்கே வலை விரிப்பது என்பதை ஊரே தீர்மானிக்கிறது. லினக்ஸ் கெர்னலைக் காக்கின்ற பொது உரிமமும், ஒருவர் திருத்திப் பரப்பும் நிரலை மற்றவரும் அவ்வாறே பெறவேண்டும் என்று விதித்து, பொதுவுடைமையை விதிகளால் பேணுகிறது. பாடு உறுப்பினருக்கு மட்டும் உரியது, உரிமம் அனைவருக்கும் திறந்தது என்ற வேறுபாட்டை மறைக்கலாகாது. எனினும் இரண்டும் விதி தெரிந்தோர் இருக்கும் வரையில்தான் நிலைக்கும். ஏரியில் அவ்வறிவைத் தந்தை மகனுக்குத் தருகிறார், மடிக்கணினி விஷயத்தில் அதைத் தர வேண்டியிருந்த இடம் பள்ளி.

விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியில் நின்றுபோயின. அதனால் அன்று வழங்கிய கணினிகளில் இன்னும் இயங்குபவற்றுக்கு லினக்ஸே பாதுகாப்பான வழியாக உள்ளது. அவற்றின் செயலி 64 பிட் வகையைச் சேர்ந்ததா என்று முதலில் பார்த்து, ஆம் எனில் லுபுண்டுவையோ எக்ஸ்எஃப்சிஇ கொண்ட டெபியனையோ நிறுவுவது பொருத்தமானது. பழைய நெட்புக் பலவற்றில் உள்ள 32 பிட் செயலிக்கு, 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 நிறுவல் தொகுப்பைத் தரவில்லை; அவற்றுக்கு ஆன்டிஎக்ஸ், பப்பி போன்றவற்றையே நாட வேண்டும். எந்தத் தொகுப்பாயினும் இன்று நினைவகத்தை மிகுதியாக உண்பது இணைய உலாவி என்பதால், இரண்டு ஜிபி கணினியில் பல பக்கங்களை ஒருசேரத் திறக்காதிருப்பது நல்லது. தமிழ்99 விசைப்பலகையும் யூனிகோடு எழுத்துருக்களும் இவற்றில் தயக்கமின்றி இயங்குகின்றன.

தமிழக அரசு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்குவதாக அறிவித்தது. அவற்றைப் பெறும் ஒவ்வொரு கல்லூரியும், பென் டிரைவிலிருந்து ஓர் இயங்குதளத்தை மாணவர் தம் கையாலேயே நிறுவிப் பார்க்கும் செய்முறை வகுப்பு ஒன்றையேனும் நடத்த வேண்டும். பொன்னேரியிலும் பழவேற்காட்டிலும் உள்ள பள்ளிகள் தம் ஆய்வகத்தின் பழைய கணினிகளைக் கழிப்பதற்கு முன் அதையே செய்து பார்க்க வேண்டும்.