வங்கத்தின் சரற்கால விழாவும் வாலிபர் பணியும்

நவராத்திரி நாட்களில் நாம் கும்பம் வைத்து முப்பெருந் தேவியரையும் வழிபடுகிறோம். விஜயதசமியன்று சிறாருக்கு ஏடு தொடக்குகிறோம். அதே நாட்களில், மழை ஓய்ந்து ஆற்றங்கரைகளில் நாணல் வெண்மையாகப் பூத்து நிற்கும் வங்கநாட்டிலே, இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா மாநகரம் முழுவதும் ஒரு கலைக்கூடமாக மாறிவிடுகிறது. 2021 இல் யுனெஸ்கோ நிறுவனம் அந்நகரின் துர்க்கா பூசையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது. இப்பெருமை எவ்வாறு வந்தது? அரசரால் வந்ததா? செல்வரால் வந்ததா? வரலாறு கூறும் விடை நம் போன்ற சங்கத்தாருக்கு மிகவும் உரியது.

1757 இல் பிளாசிப் போர் முடிந்தது. ஆங்கிலக் கம்பெனியாரின் நண்பராய் உயர்ந்த நவகிருஷ்ண தேவர் அவ்வாண்டே தமது சோபாபசார் மாளிகையில் பூசையைத் தொடங்கினார். ஆடலும் பாடலும் விருந்தும் நடந்தன; வெள்ளைக்காரத் துரைமார் விருந்தினராய் அமர்ந்தனர். பிற செல்வரும் போட்டியிட்டு விழாவெடுத்தனர். கலைக்கு அங்கே குறைவில்லை. ஆனால் தேவி வீற்றிருந்தது செல்வரின் முற்றத்தில். அவர் மனம் வைத்தாலன்றி ஏழைக்கு அங்கே உரிமையில்லை.

இந்நிலையை மாற்றியவர்கள் நகரத்துப் பெரியோர் அல்லர். கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி மாவட்டத்துக் குப்திபாரா என்னும் ஊரில், 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பன்னிருவர் ஒன்றுகூடி அயலூர்களிற் பணம் திரட்டித் தேவி பூசையொன்றை நடத்தினர். பன்னிரு நண்பர் நடத்தியது என்னும் பொருளில் அது ‘பாரோயாரி’ எனப் பெயர் பெற்றது. அவர்கள் திரட்டிய பணத்தை வங்காளிகள் ‘சாந்தா’ என்பர். நாம் வழங்கும் ‘சந்தா’வும் அச்சொல்லே.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்கம் நகரவீதிக்கு வந்தது. 1910 இல் பவானிப்பூரிலும், 1919 இல் பாக்பசாரிலும் பொதுப்பூசைகள் எழுந்தன. 1926 இல் அதீந்திரநாத் வசுவின் சிம்லா உடற்பயிற்சிச் சங்கத்தார் தம் பகுதியில் விழாத் தொடங்கினர். 1897 இல் யாழ்ப்பாணம் வந்து எம்மவரைத் தட்டியெழுப்பிய சுவாமி விவேகானந்தர் பிறந்த பகுதி அதுவேயாம். ‘சர்வசனீனம்’, அதாவது எல்லார்க்கும் உரியது, என்பதே இவ்விழாக்களின் பெயர். அட்டமி நாளில் வாலிபர் கம்பு சுழற்றி வீரவிளையாட்டு நிகழ்த்தினர். சுபாஷ் சந்திர போஸ் போன்ற தலைவரும் இவற்றிலே பங்குகொண்டனர். அடிமைப்பட்ட நாட்டில், அசுரனை வதைக்கும் அன்னையின் உருவம் எதை உணர்த்தியிருக்கும் என நாம் விளக்கவேண்டியதில்லை.

விழா வீதிக்கு வந்தபோது கலையும் உடன் வந்தது. குமார்துலி என்னும் குயவர் சேரியில் மூங்கிலாற் சட்டம் கட்டி, வைக்கோல் சுற்றி, ஆற்றுமண் பூசி உருவம் சமைக்கின்றனர். தேவிக்குக் கண் திறக்கும் நாளாக மகாளய அமாவாசையைக் கொள்வது மரபு. அன்று விடியுமுன் நான்கு மணிக்கு வங்கத்தார் வானொலிமுன் அமர்வர். வாணி குமார் எழுதி, பங்கஜ் மல்லிக் இசையமைத்து, வீரேந்திர கிருஷ்ண பத்ரர் ஓதிய ‘மகிஷாசுரமர்த்தினி’ 1930களின் தொடக்கத்தில் எழுந்த நிகழ்ச்சி. பிராமணரல்லாதார் சண்டி ஓதுவதா எனச் சிலர் எதிர்த்தனர், நிலையத்தார் இணங்கவில்லை. முஸ்லிம் வாத்தியக் கலைஞரும் அதில் இசைத்தனர். 1976 இல் அதனை நீக்கித் திரைநடிகர் உத்தம் குமாரின் குரலில் வேறொன்றை ஒலிபரப்பினர். மக்கள் கொதித்தெழுந்தனர், பழைய குரலே மீண்டது. தம்முடையது எது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஆயினும் ‘எல்லார்க்கும் உரியது’ என்று பெயரிடுதல் எளிது. அவ்வாறு நடத்தலே அரிது. உருவம் சமைக்கும் மண்ணில் ஒரு பிடி, உலகம் ஒதுக்கிவைத்த கணிகையரின் வாயிலிலிருந்தும் எடுக்கவேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். அவர்தம் வாயில் மண் வேண்டும். அவர்கள் மட்டும் வேண்டாமோ? சோனாகாச்சியில் வாழும் அப்பெண்கள் தாமும் பூசை நடத்த விரும்பியபோது, நீதிமன்றப் படியேறி 2013 இலேதான் அனுமதி பெற்றனர்.

மற்றொரு சோதனையும் உண்டு. 1985 முதல் வணிக நிறுவனத்தார் சிறந்த பூசைகளுக்குப் பரிசளிக்கத் தலைப்பட்டனர். அதனாற் பந்தற்கலை வியக்கத்தக்கவாறு வளர்ந்தது. ஓவியரும் சிற்பிகளும் புதுப்புதுக் கற்பனைகளுக்கு வடிவம் தந்தனர். ஆனால் நிறுவனங்களின் பெரும்பணம் வந்தவிடத்து, வீடுவீடாய்த் திரட்டும் சிறுபணத்துக்கு மதிப்புக் குறையும் அபாயமும் வந்தது. செல்வர் முற்றத்திலிருந்து விடுபட்ட விழா, விளம்பரப் பலகையின் நிழலில் மீண்டும் ஒதுங்கலாமா?

சந்தாப் புத்தகத்தைக் கையில் ஏந்தி வீடுவீடாய்ச் செல்லும் இளைஞர் பணத்தை மட்டும் திரட்டவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் விழாவில் ஓர் உரிமையை வழங்கி வருகின்றனர். அந்தப் பன்னிருவர் செய்த தொண்டு இதுவே. எமது மன்றத்து வாலிபரும் அடுத்த விழாவுக்கு முன் தம்மைத் தாமே வினவுவாராக: நாம் தட்டாத கதவு எது? அக்கதவையே முதலில் தட்டுவோம். பெரியோர் வழிகாட்டுக, இளையோர் புறப்படுக!