வராப்புழைப் பேராயர் பெர்னர்தீன் பச்சினெல்லியும் கல்விச் சுற்றுமடலும்

கேரளக் கல்வி வரலாற்றை எழுதுவோர், கோயில்தோறும் பள்ளிக்கூடம் அமைத்தல் வேண்டும் என்னும் ஆணையைக் குரியாக்கோஸ் ஏலியாஸ் சாவறா அடிகளுக்கு உரியதாகக் கூறுவது வழக்கம். ஆயின் 1856ஆம் ஆண்டுச் சுற்றுமடல் வராப்புழைச் சபையின் பொறுப்பிலிருந்த பெர்னர்தீன் பச்சினெல்லியின் ஆணையாகும். சாவறா அடிகள் சிரியன் கத்தோலிக்கரின் முதன்மைக் குருவானது 1861இல்தான். அதற்கு ஐந்தாண்டு முன்னர் எல்லாக் கோயில்களுக்கும் ஆணையிடும் அதிகாரம் அவருக்கு இருந்ததில்லை. 1846இலேயே மாந்நானத்தில் வடமொழிப் பள்ளி நிறுவிய அவருடைய பெருமை இதனாற் குன்றாது.

பச்சினெல்லி 1807இல் உரோமையில் பிறந்த கார்மேல் துறவி. 1859 முதல் 1868இல் மறையும்வரை வராப்புழையின் அப்போஸ்தலிக்கப் பதிலாளராகவும் பட்டப் பேராயராகவும் விளங்கினார். சுற்றுமடல் எழுந்த காலம் கருதத்தக்கது. கொச்சியில் 1854இலும் திருவிதாங்கூரில் 1855இலும் அடிமைமுறை சட்டத்தால் நீக்கப்பட்டிருந்தது. எனினும் ஒடுக்கப்பட்டோர்க்குக் கல்விக்கூடங்களின் கதவு திறக்கவில்லை.

கோயிலாகிய ‘பள்ளி’யை ஒட்டி அமைந்தமையாலேயே ‘பள்ளிக்கூடம்’ என்னும் பெயர் வந்தது என்பாரும் உளர். தமிழ் கற்றார்க்கு இது ஏற்புடையதன்று. பிரகலாதன் கல்வி பயின்ற இடத்தைத் திருமங்கையாழ்வார் பள்ளி என்றே குறிக்கிறார்; சமணர் பள்ளிகளோ அதனினும் பழையவை. சொல் முந்தையது, ஆணையே புதிது.

பெண்கல்வியில் அவர் காட்டிய துணிவு இன்னும் குறிப்பிடத்தக்கது. 1866இல் கூனம்மாவில் எலீசுவா என்னும் கைம்பெண்ணை முதல்வராகக் கொண்டு மண்ணின் மகளிர்க்கான துறவற சபை தொடங்க இசைவளித்தார். சிரியரும் இலத்தீனரும் ஒருங்கே வாழ்ந்த அச்சபை 1890இல் வழிபாட்டு முறை பற்றி இரண்டாகப் பிரிந்தது. எலீசுவா அன்னை 2025 நவம்பரில் வல்லார்பாடத்தில் அருளாளராக அறிவிக்கப்பெற்றார்.

கல்வியைப் பரப்பியவர் அதிகாரத்தைப் பகிர்ந்தாரா? 1653 சனவரி 3இல் மட்டாஞ்சேரியில் கூனன் குருசு உறுதிமொழி எடுத்தோர், போர்த்துகீசியப் பேராயர் பிரான்சிஸ்கோ கார்சியாவை ஏற்க மறுத்தனர். அவ்வேட்கை இரு நூற்றாண்டுகளாகத் தணியவில்லை. 1861இல் கல்தேய ஆயர் ரோக்கோஸ் வந்தபோது சிரியன் கோயில்கள் பல அவர்பக்கம் சாய்ந்தன. சாவறா அடிகளுக்குப் பச்சினெல்லி முதன்மைக் குருப் பதவி அளித்தது இந்நெருக்கடியிலேதான். ஆயர் பதவி ஐரோப்பியரிடமே நின்றது. சிரியர்க்கு மண்ணின் ஆயர்கள் 1896இல் வாய்த்தனர். வராப்புழை இலத்தீனரோ யோசேப்பு அட்டிப்பேட்டி பேராயராகும்வரை, அதாவது 1934வரை, காத்திருந்தனர்.